பெண்கள் பெட்டியில் என் பன்னிரண்டு வயது

போன மாதம் ஒரு மதிய வேளையில், தாம்பரம் ரயில் நிலையத்தில், ஐம்பதைத் தாண்டியவனும் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் உள்ளவனுமான நான், இன்னும் முழுதாக நின்றிராத மின்சார ரயிலில் ஓடிப் போய் ஏறினேன். ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டையை விரித்துப் போட்டு, யாரும் பறித்துவிடாதபடி அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டேன். பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த என் தங்கைக்காக. அவளுக்கு முழங்கால் வலி. வண்டி கிளம்பி, தங்கையும் வந்து சேர்ந்து, நான் வெற்றிப் பெருமூச்சு விட்ட பிறகுதான் ஒரு பெண் காவலர் என் முன்னால் வந்து நின்றார்.

“சார், இது லேடீஸ்.”

“கவனிக்கலம்மா.”

“வெளியில இவ்ளோ பெருசா எழுதியிருக்கே. படிச்சவர் மாதிரி இருக்கீங்க.”

“எழுதறவன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அப்ப படிக்கிறதில்லையா?”

அடுத்த நிலையமான சானடோரியத்தில் இறக்கினார். தங்கை ஜன்னல் வழியாக என் கைக்குட்டையை நீட்டினாள். எனக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை என்கிற முகத்தோடு. காவலர் எழுதிக்கொள்வதற்காகப் பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார். என் நாக்கு நுனியில் வந்து நின்ற பதில், “பதினொண்ணு.”

நல்லவேளை, விழுங்கிவிட்டேன். ஆனால் அது அங்கே தற்செயலாக வந்து நிற்கவில்லை.

முழங்கால் தைலத்தையும் சீசன் டிக்கெட்டையும் ஒரே பையில் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். இப்போது நகரும் படிக்கட்டில் நின்றபடி கைப்பேசி பார்த்துக்கொண்டு போகிற பிள்ளைகளுக்குச் சொன்னால், “அங்கிள், ஆப்ல டிக்கெட் போடத் தெரியலையா?” என்று கேட்பார்கள்.

நம் நிலையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எப்போது தண்டவாளம் போட்டார்கள், எப்போது மின்சாரம் வந்தது, எப்போது குறுகல் பாதை அகலப் பாதையானது என்று எழுதுகிறார்கள். அது இரும்பின் வரலாறு. நிலையத்தின் வரலாறு என்பது யார் யாரை இடித்தார்கள் என்பதுதான். அந்த வரலாற்றில் எனக்கும் ஒரு முழங்கை அளவு இடம் உண்டு.

நான் ஆறாம் வகுப்புப் படித்த அந்த மழைக்காலத்தில், தாம்பரம் நிலையம் பொதுமக்களுக்குச் செய்த சேவைகள் எல்லாமே ஏதோ பழைய பகையைத் தீர்த்துக்கொள்வது போலத்தான் இருக்கும். ‘விசாரணை’ என்று எழுதிய ஜன்னலில் விசாரிக்கப்பட்டது நாம்தான். “பீச் வண்டி எப்ப சார்?” என்று கேட்டால், உள்ளிருக்கும் குரல், “ஏன், அவசரமா?” என்று கேட்கும். அவசரம் என்று சொன்னால் பதில் கிடையாது. அவசரமில்லை என்றால், “அப்ப நில்லு.” குடிதண்ணீர்க் குழாயில் சங்கிலி இருந்தது, சங்கிலியின் நுனியில் டம்ளர் இல்லை. மழை பெய்தால் கூரைக்கு வெளியே நின்றவர்கள் நனைந்தார்கள். கூரைக்குக் கீழே நின்றவர்கள் கொஞ்சம் தாமதமாக நனைந்தார்கள். நனைந்த சணல் கோணி, டீசல், பழைய மீன்கூடை, யாரோ உரித்துப்போட்ட ஆரஞ்சுத் தோல் இவையெல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கு அதை யாராவது புட்டியில் அடைத்துக் கொடுத்தால் வாங்குவேன். திறக்க மாட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தாருக்கு மேற்குத் தாம்பரத்தார் ஆகாது. பஸ் ஸ்டாண்டும் ஜி.எஸ்.டி. ரோடும் தங்கள் பக்கம் இருப்பதால் மேற்கத்தியவர்களுக்குத் தலைக்கனம். தங்கள் தெருக்களில் மரம் இருப்பதால் கிழக்கத்தியவர்களுக்குத் தலைக்கனம். நடைமேம்பாலத்தில் இரு படையும் ஏறி இறங்கும்போது குடைக் கம்பிகள் விலாவைத் தேடும். ஆனால் இரு தரப்பும் சேர்ந்து வெறுத்த ஒரு கூட்டம் இருந்தது. சானடோரியம், குரோம்பேட்டைக்காரர்கள். அவர்கள் தங்கள் ஊரில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் காலையில் எதிர்த் திசை வண்டியைப் பிடித்து, தாம்பரம் வந்து இறங்கி, எங்களோடு எங்கள் பிளாட்பாரத்தில் நின்று, யார்டிலிருந்து காலியாக வரும் எங்கள் வண்டியில், எங்கள் இருக்கையில் உட்கார்ந்து, தங்கள் ஊர் வழியாகவே நகரத்துக்குப் போவார்கள். “ரிட்டர்ன் பார்ட்டி” என்று அவர்களைச் சொல்வோம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது உதடு தானாகக் கோணும்.

இருக்கைக்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாக எதை உள்ளே போட்டாலும் அந்த இடம் போட்டவருக்கு. கைக்குட்டை, டிபன் பை, செய்தித்தாள், ஒருமுறை ஒருவர் செருப்பு. எந்த அரசாங்கமும் போடாத இந்தச் சட்டத்தை எல்லாரும் மதித்தார்கள். மதிக்காதவரை வண்டி மொத்தமும் கடைசி நிலையமான பீச் வரைக்கும் திட்டிக்கொண்டே போகும்.

என் பள்ளி எழும்பூரில். அம்மாவின் அலுவலகம் கோட்டை நிலையத்துக்குப் பக்கத்தில். அதனால் நான் அம்மாவோடு பெண்கள் பெட்டியில் போனேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள ஆண் பிள்ளைகள் அம்மாவோடு அதில் போகலாம். அப்பாவும் அதே வண்டிதான்; முன்பக்கம், சீட்டாடுகிற கூட்டத்தோடு. அப்பாவை நம்பி என்னை அனுப்புவதில்லை. அப்பா ரயிலில் ஒருமுறை குடையை மறந்தவர், ஒருமுறை டிபன் கேரியரை, ஒருமுறை என்னை. மூன்றில் குடை மட்டும் கிடைக்கவில்லை.

அந்த வருடம் அம்மா வயிற்றில் என் தங்கை இருந்தாள். முந்தின வருடம் ஒன்று வந்து தங்காமல் போயிருந்தது. டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார்: “வேலைக்குப் போங்க, வேண்டாங்கல. ஆனா நிக்கக் கூடாது. ஒரு ஸ்டேஷன்கூட.” லீவை எல்லாம் பிரசவத்துக்குப் பிறகு என்று அம்மா சேர்த்து வைத்திருந்தாள். ஆகவே தினமும் காலையில் தாம்பரத்திலிருந்து கோட்டை வரைக்கும் ஒரு இருக்கை வேண்டும். ஜன்னலோரமாக இருந்தால் மசக்கைக்குக் காற்று. அந்த இருக்கையைப் பிடிப்பது என் வேலை.

கிணற்றடிக்குப் போனால் முதுகில் நாலு போடுகிற அம்மா, ஓடுகிற ரயிலில் என்னை ஏறச் சொன்னாள். “கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்பதுதான் பாதுகாப்பு ஏற்பாடு. நான் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, வண்டி வேகம் தணியும்போது தொற்றி ஏறி, காலிப் பெட்டிக்குள் ஓடி, இரண்டாவது ஜன்னலில் விழுவேன். இருக்கை இரவெல்லாம் மழையில் கிடந்து ஈரமாக இருக்கும். என் காற்சட்டையால் அதைத் துடைத்துக் காயவைத்துத் தருவேன். பள்ளியில் ஆறு மாதம் எனக்கிருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த இரண்டாவது ஜன்னல் பல வருடங்களாக இன்னொருவருடையது. சானடோரியம் டீச்சர். ரிட்டர்ன் பார்ட்டியின் தலைவி. நெட்டையாக, கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கொக்கிப் பிடி வைத்த கறுப்புக் குடையோடு நிற்பார். சேத்துப்பட்டில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். குடைக் கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நிதானமாக ஏறுவது அவர் வழக்கம். நான் வந்த பிறகு, அவர் மாட்டும் ஜன்னலுக்குள் ஏற்கெனவே என் முகம் இருந்தது.

“எழுந்திரு. குடையை மாட்டியாச்சு.”

“குடை வெளியிலதான இருக்கு. நான் உள்ளே இருக்கேன்.”

“வாய் பாரு! இந்தாம்மா, உங்க பையன் பேசறதைக் கேட்டீங்களா?”

“கேட்டேன் டீச்சர்” என்பாள் அம்மா, உட்கார்ந்துகொண்டே. “சரியாத்தானே சொல்றான்.”

அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் பேசிக்கொண்டவர்கள்தான். ஊறுகாய்கூடப் பரிமாறியிருக்கிறார்கள். முந்தின வருடம் அம்மா முதல் மாதமே பெட்டி முழுக்கச் சொல்லிவிட்டாள். எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். பிறகு அது தங்காமல் போய், அம்மா திரும்ப வேலைக்கு வந்த அன்று, விஷயம் தெரியாத டீச்சர் பத்து பேருக்கு நடுவில் சிரித்த முகமாகக் கேட்டார்: “என்னம்மா, எத்தனாவது மாசம் இப்ப?” அவ்வளவுதான். அன்பாகத்தான் கேட்டார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு அன்றும் தெரிந்திருக்கும்; தெரிந்து பிரயோசனமில்லை. இந்தத் தடவை பிறக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எனக்குச் சத்தியம். புடவைத் தலைப்பை இழுத்து மூடி, மடியில் கைப்பையை வைத்துக்கொள்வாள். எதிரியிடம் “எனக்கு உடம்பு இப்படி” என்று சொல்லி வாங்குகிற இருக்கையைவிட, என்னை ஓட விட்டுப் பிடிக்கிற இருக்கை மேல் என்பது அவள் முடிவு.

வாசல் ஓரத் தரையில் கூடையோடு உட்கார்ந்து வருகிற ஒரு பூக்காரம்மா இருந்தாள். இரும்புலியூர்க்காரி. இந்தச் சண்டைதான் அவளுக்குக் காலைச் செய்தி. “இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் புட்டுகிச்சா?” என்பாள். டீச்சர் திரும்பிப் பார்த்தால், “மல்லி கேட்டீங்களான்னு கேட்டேன்” என்பாள்.

டீச்சர் படித்தவர். இருக்கையை விட்டு என் வயதைப் பிடித்தார்.

“இவன் என்ன கிளாஸ்?”

“அஞ்சு” என்றாள் அம்மா. என் மடியில் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் இருந்தது. மேல் அட்டையை முழங்கையால் மறைத்தேன்.

“அஞ்சாவதுல மீசையா?”

“அழுக்கு.”

மறுநாளிலிருந்து அம்மா என் மேலுதட்டில் பவுடர் அப்பினாள். என் வாழ்நாளில் நானே உழைத்துச் சம்பாதித்த முதல் சொத்து அந்த மீசைக் கோடு. கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பினால் தெரியும். அதன்மேல் தினமும் காலையில் வெள்ளையடிப்பு. என் பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு. அம்மா அதையும் தள்ளிவைத்துவிட்டாள். “ஐப்பசி மழையில என்ன பிறந்தநாள்? தை பொறக்கட்டும், நல்லா கொண்டாடலாம்.” தீபாவளியைத் தள்ளிவைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பிறக்காத ஒரு பாப்பாவுக்காக என் வயதைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று வண்டி வண்டியாகக் கோபம். அந்தப் பாப்பாவை, டீச்சரை, பவுடர் டப்பாவை, எல்லாரையும் வெறுத்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு மனிதராவது பிடித்திருந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். விசாரணை ஜன்னல்காரரைச் சொல்லலாம். அவர் என்னிடம் பேசியதே இல்லை.

பிளாட்பாரத்தில் ஒரு எடை மெஷின் நின்றது. உங்களுக்கு நினைவிருக்கும்: சிவப்பு உடம்பு, கண்ணாடிக்குள் சுழலும் வட்டம், மினுக்கும் விளக்குகள். ஏறி நின்று காசு போட்டால் ‘டொக்’ என்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் வருங்காலம். ஒரு நாள் டீச்சர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் நிறுத்தினார்.

“எங்க ஸ்கூல்ல சார்ட் இருக்கு. பதினொரு வயசுப் பையன் எவ்ளோ இருப்பான்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு முடிச்சுடலாம்.”

“தாராளமா” என்றாள் அம்மா, முகம் வெளுத்துப்போய். பெண்கள் பெட்டி மொத்தமும் எங்களைச் சுற்றி நின்றது. டீச்சரே காசு போட்டார். விளக்குகள் மினுங்கின. அதே நேரத்தில் என் காற்சட்டையின் பின்பக்கத்தை ஒரு கை கொத்தாகப் பிடித்து மேலே தூக்குவதை உணர்ந்தேன். பூக்காரம்மா. இடது கையில் கூடை, வலது கையில் நான். முகத்தில் மட்டும் பக்தி.

அட்டை விழுந்தது. டீச்சர் எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார்.

“இந்த எடையில ஒரு பையன் உசிரோட இருக்க முடியாது.”

“மிஷினு இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போவுது? கெவர்மென்ட்டு மிஷினு” என்றாள் பூக்காரம்மா. “சோறு போடாம வளத்துகினு கீறாங்க போல.”

அட்டையின் மறுபக்கத்தில் ‘பெண்களால் உயர்வு அடைவீர்கள்’ என்று அச்சிட்டிருந்தது. ரயில்வே நிலையத்தில் சொன்ன நேரத்தில் நடந்த ஒரே விஷயம். அந்த அட்டையை ஜியோமெட்ரி பாக்ஸில் வெகு நாள் வைத்திருந்தேன். பாக்ஸ் எங்கே போனதோ அட்டையும் அங்கே போயிற்று. மெஷின் நின்ற இடத்தில் இப்போது கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுகிறார்கள்.

எதிரியால் முடியாததை அப்பா முடித்தார்.

தன் கல்யாண நாளை ஒருமுறைகூட நினைவில் வைத்திராத மனிதர், என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு உறவினர் பெயர்களைக் கடந்து வருபவர், அந்த ஒரு நாளை எப்படியோ நினைவில் வைத்துவிட்டார். இருக்கை ஏற்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. அம்மாவை எல்லாரும் எழுந்து உட்கார வைக்கிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அன்று காலை மழை. நான் வழக்கம்போல இடம் பிடித்து, அம்மா உட்கார்ந்து, டீச்சர் பக்கத்து இருக்கையில் கனன்றுகொண்டிருந்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தலையில் கைக்குட்டை, கையில் காகிதப் பொட்டலம் நிறைய மிட்டாய், முகம் நிறையச் சிரிப்பு. முன்பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“எடுத்துக்கோங்க டீச்சர். பையனுக்கு இன்னிக்குப் பன்னெண்டு முடியுது!”

டீச்சர் இரண்டு எடுத்துக்கொண்டார். ஒன்று வாய்க்கு. இன்னொன்றைக் கைப்பையில் வைத்து மூடினார். அது சாட்சிக்கு.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு, “நீயும் ஒண்ணு எடுத்துக்கோயேன்” என்றார் அப்பா.

மறுநாள் நாங்கள் உட்கார்ந்த கையோடு, கறுப்புக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர் வாசலில் வந்து நின்றார். பின்னால் டீச்சர், குடையோடு.

“இவன்தான் சார். நேத்தோட பன்னெண்டு முடிஞ்சுது. அவங்க அப்பாவே மிட்டாய் குடுத்தாரு. இதோ.” மிட்டாயை எடுத்துக் காட்டினார்.

பரிசோதகர் மிட்டாயை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வயசு என்னப்பா?”

“பதினொண்ணு.”

கட்டைவிரலை நீட்டி என் மேலுதட்டில் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் வெள்ளையாயிற்று, உதட்டின்மேல் கோடு கறுப்பாயிற்று. பெட்டி முழுக்கச் சிரிப்பு. பூக்காரம்மாகூடச் சிரித்துவிட்டாள், சிரித்துவிட்டு, “அடப்பாவமே” என்றாள்.

“நீ ஆம்பளை ஆயிட்டப்பா. இறங்கு” என்றார் பரிசோதகர். மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த வாக்கியம் அது. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்திருந்த பொதுப்பெட்டியில் என்னைத் தள்ளினார். இரண்டுக்கும் நடுவில் கம்பி வலைத் தடுப்பு. ஆண்களின் முதுகுகளுக்கும் டிபன் பைகளுக்கும் இடையில் புகுந்து வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். நான் இறங்கிய குழப்பத்தில் அம்மா எழுந்து வாசல்வரை வந்திருக்கிறாள். அந்த ஒரு நொடியில் டீச்சர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டப்படி சரி. எழுந்தவர் எதையும் போட்டுவிட்டு எழவில்லை.

வண்டி கிளம்பியது. அம்மா தலைக்கு மேலிருந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சானடோரியத்தில் கூட்டம் ஏறியது. குரோம்பேட்டையில் அவளைக் காணவே முடியவில்லை. வளையத்தைப் பிடித்த கையும் கண்ணாடி வளையலும் மட்டும் தெரிந்தன. வண்டி ஆடும்போதெல்லாம் அந்தக் கை இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தப் பாப்பாவை எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் டாக்டரம்மா “ஒரு ஸ்டேஷன்கூட” என்று சொல்லியிருந்தார். இரண்டு ஆகிவிட்டது.

பல்லாவரத்துக்கு முன்னால் சத்தியத்தை உடைத்தேன்.

“டீச்சர்! எங்கம்மா நிக்கக் கூடாது! வயித்துல பாப்பா இருக்கு!”

என் குரல் அந்த மாதம்தான் உடைந்துகொண்டிருந்தது. பாதி கீச்சென்றும் பாதி கரகரவென்றும் வந்து இரண்டு பெட்டிக்கும் கேட்டது. அம்மா திரும்பி வலை வழியாக என்னைப் பார்த்த பார்வையோடு ஒப்பிட்டால், முந்தின நாள் அப்பா வாங்கியது ஆசீர்வாதம்.

டீச்சர் எழுந்துவிட்டார். “இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? உக்காருங்க.”

“வேண்டாம்.”

“ஏன் சொல்லலை?”

“போன வருஷம் சொன்னேனே” என்றாள் அம்மா. “அப்புறம் நீங்க கேட்டீங்களே.”

அந்தப் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் அது நினைவிருந்தது. டீச்சரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் தப்பான விடை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு சரியான விடை தெரிந்துகொண்ட பிள்ளையின் முகம். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. உட்காரவும் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மாவும் நின்றாள்.

பல்லாவரம் போயிற்று. மீனம்பாக்கம் போயிற்று. ஆள் மேல் ஆள் நசுங்குகிற அந்தப் பெட்டியில், ஜன்னலோரத்தில் ஒரு இருக்கை காலியாகப் போனது. யாருக்கும் அதில் உட்காரத் துணிவில்லை. மழைச் சாரல் மட்டும் உள்ளே வந்து அதில் உட்கார்ந்தது. தென் சென்னை ரயில் வரலாற்றில் அப்படி ஒரு காட்சி அதற்கு முன்னும் பின்னும் இல்லை. கல்வெட்டு வைத்திருக்க வேண்டும்.

“ரெண்டு மகராணியும் நின்னுகினே இருங்க” என்றாள் பூக்காரம்மா. “என் கூடையாவது குந்தட்டும். பூவு வாடுது.” கூடையைத் தூக்கி இருக்கையில் வைத்தாள்.

பரங்கிமலையில் ஏறிய கூட்டம் எல்லாரையும் ஒரு அடி உள்ளே தள்ளியது. வளையத்தைப் பிடித்திருந்த கை வழுக்கியதைப் பார்த்தேன். அம்மாவின் தலை கூட்டத்துக்குள் இறங்கியது. அடுத்த நொடி, ஒரு நெட்டைக் கை கூட்டத்துக்குள் போய் அம்மாவைத் தோளைப் பிடித்து மேலே இழுத்தது. இன்னொரு கை கூடையைத் தூக்கிப் பூக்காரம்மாவின் தலைமேலேயே வைத்தது.

“உக்காரு” என்றார் டீச்சர். “உன் மேல எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. உள்ள இருக்கறதுக்காக உக்காரு.”

“உங்களுக்காக உக்காரல.”

“யார் கேட்டா?”

அம்மா உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிண்டி வந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்தது. “பொம்பளைங்க ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்குடுப்பாங்கன்னு நெனச்சேன்” என்றார். பாவம், அவர் பெண்கள் பெட்டியை வெளியிலிருந்தே பார்த்தவர். “நீங்க ஞாபகம் வெச்சுக்கிட்டதுதான் தப்பு” என்றாள் அம்மா. அதன் பிறகு அவர் யார் பிறந்தநாளையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்புக் கருதி.

மறுநாளிலிருந்து நான் அப்பாவோடு முன்பெட்டிக்குப் போனேன். வீட்டில் அவர் சொல்லும் கதைகளில் சீட்டாட்டக் கூட்டத்தின் ராஜா அவர்தான். நேரில் பார்த்தபோது, நாலு பேர் முழங்காலில் துண்டை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்கள் தலைக்கு மேல் நின்று, நாலு பேர் டிபன் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, “அடடா, அதை இறக்கியிருக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். ஆண்கள் உலகத்துக்குள் எனக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

அப்படியென்றால் அம்மாவுக்கு யார் இடம் பிடித்தார்கள்? டீச்சர்தான். சானடோரியத்திலிருந்து வழக்கம்போலப் பின்னால் வந்து, குடைக் கொக்கியை இரண்டாவது ஜன்னலில் மாட்டி, கைப்பையைப் பக்கத்தில் போட்டு, அம்மா வந்ததும் ஜன்னலோரத்தை விட்டு நகர்வார். “இந்தாங்க” என்று எங்கேயோ பார்த்துச் சொல்வார். அம்மாவும் எங்கேயோ பார்த்து உட்காருவாள். பிறகு டீச்சர் இறங்குகிற சேத்துப்பட்டு வரைக்கும் ஷட்டரை ஏற்றுவதா இறக்குவதா என்று சண்டை. அம்மா லீவு எடுக்கும்வரை ஒரு நாள் தவறவில்லை. இடமும் சரி, சண்டையும் சரி. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று இதை வாசிக்கிற யாராவது நினைத்தால், அவர்கள் இரண்டு பேருக்கும் அவமானம்.

தங்கை சித்திரையில் பிறந்தாள். டீச்சர் பார்க்க வந்தார், குடையோடு. தொட்டிலுக்குள் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

“இதுக்குப் போயா நான் நடு சீட்டுல உக்காந்து வந்தேன்?”

“உங்களை யார் வரச் சொன்னா?” என்றாள் அம்மா.

போகும்போது ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். கையால் பின்னிய கம்பளிக் குல்லா. தாம்பரத்துச் சித்திரை வெயிலில். இதையும் பகையில்தான் சேர்க்க வேண்டும் என்று அம்மா கடைசிவரை சொன்னாள். ஆனால் அந்தக் குல்லாவை யாருக்கும் கொடுக்க விடவில்லை.

போன வாரம் செம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் அவளிடம் முழுதாகச் சொன்னேன். பவுடர், மிட்டாய், வலைத் தடுப்பு, காலி இருக்கை, எல்லாம். அவளைத் தாங்கிப் பிடிக்க ஒரு ரயில் வண்டியே முட்டிமோதியது என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். போன மாதம் நான் ஏன் அப்படி ஓடினேன் என்று இப்போதாவது புரிகிறதா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் சரிண்ணா. ஆனா எனக்கு ஜன்னலோரம் ஒத்துக்காதே. காத்து பட்டா தலைவலி வரும். சின்ன வயசுலேர்ந்தே நடு சீட்டுதான். உன்னை இறக்கிவிட்டதும் நான் நகர்ந்து உக்காந்துட்டேன்.”